கடிநாய் திருந்துமா?

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. கேள்வியாகத் தோன்றினும் அது கேள்வியன்று. முடியாது என்னும் தீர்ப்பையே கேள்வி வடிவில் சொல்வதாகும். "பிறவிக் குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது" என்பது அத்தீர்ப்புக்குத் துணை நிற்கும் மற்றொரு பழமொழி. இவ்விரண்டையும் நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம், பிறருக்கும் சொல்லியிருக்கிறோம். வால் வளைந்திருப்பது எலும்பின் அமைப்பு. அதனை நிமிர்த்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் கடிக்கும் குணம் வாலைப் போன்றதா? அது பிறவியில் வந்ததா, இடையில் வந்ததா? இடையில் வந்ததாயின் அதனை மாற்றவும் வழியிருக்க வேண்டுமன்றோ? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம். ஆராய்ச்சி என்று பெரிய வார்த்தையாகச் சொல்லிவிட்டோம். உண்மையில் இது நமது குற்றத்தை நாமே ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்குமூலம் என்பதை வாசகர்கள் சற்று நேரத்தில் அறிந்துகொள்வார்கள்.

நாம் பேராக் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். காலையில் பேர் போடுவதும், பழக்குலைகளின் எண்ணிக்கையைப் பதிவதும், மாத முடிவில் சம்பளப் பட்டியல் எழுதுவதும் நமது தொழில். தோட்டத்துத் தளவாடக் கொட்டகையின் பக்கத்தில், ஆறடிச் சங்கிலியில் ஒரு நாய் நெடுநாளாகக் கட்டிக் கிடந்தது. பழுப்பு நிறம், நாட்டு நாய், வயது இரண்டு அல்லது மூன்று இருக்கலாம். குட்டியாயிருந்தபோதே அதைக் காவலுக்கென்று கட்டிப்போட்டவர் கொட்டகைக் காவற்காரர். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதன்மேல் கல்லெறிவதும், அது சங்கிலியின் எல்லை வரை பாய்ந்து கழுத்து நெரிந்து பின்வாங்குவதும் அங்கே தினசரி வேடிக்கை. காவற்காரர் வேலையினின்று நின்று தம் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, "கிராணி ஐயா, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; ஒருவரையும் கிட்ட அண்டவிடாது" என்று சங்கிலியை நம் கையில் கொடுத்தார். அதற்கு வீரன் என்று பெயர். பெயர்தான் வீரன், அது அறிந்ததெல்லாம் அச்சம் ஒன்றே என்பது அன்று நமக்குத் தெரியாது.

கிராணி வீட்டுக்குப் பலரும் வருவார்கள். ஒருவருக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு. ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளி மனு. ஒருவருக்குச் சேமநிதிக் கடிதம். வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து வீரன் உறுமிற்று. உறுமல் நமக்கு அவமானமாயிருந்தது. வீட்டுக்காரனுடைய யோக்கியதை அவனுடைய நாயினிடம் தெரியும் என்று எங்கோ படித்த ஞாபகம் வேறு. எனவே ஒரு பிரம்பை வாசற்கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். உறுமினால் ஓர் அடி. மறுபடி உறுமினால் இரண்டு. பத்து நாளில் உறுமல் நின்றது. யார் வந்தாலும் நாய் வாய் திறவாமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. "அடியாத மாடு படியாது" என்று நாம் நமது இல்லாளிடம் பெருமையோடு சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை.

அதற்கு மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லயத்துப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த பந்து உருண்டு வந்து வீரனுடைய சங்கிலி வட்டத்துக்குள் நின்றது. எட்டு வயதுப் பையன் ஒருவன் அதை எடுக்க வந்தான். நாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாய் உறுமவில்லை, ஆகையால் பையனும் நின்றானில்லை, நாமும் தடுத்தோமில்லை. அவன் குனிந்து கையை நீட்டினான். அடுத்த கணம் அவனுடைய முன்கை நாயின் வாயிலிருந்தது.

குழாயடியில் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவினோம். நாய்க்கடிக்கு முதற் சிகிச்சை அதுவேயாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் அப்புவது தவறு என்பதை வாசகர்கள் மனதில் இருத்த வேண்டும். வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டில் பழங்கதையன்று; 2015-ம் ஆண்டில் பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய வட மாநிலங்களிலும், 2017-ம் ஆண்டில் சரவாக்கிலும் அது தலைகாட்டிற்று. பையனைக் காரிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். ஐந்து தையல்கள் போட்டார்கள். அவன் அழுததைவிட அழுகையை அடக்கியதே நம் நெஞ்சை அதிகமாக வருத்திற்று.

அன்றிரவு அவனுடைய தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்றெண்ணி எழுந்து நின்றோம். அவரோ வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "கிராணி ஐயா, பையன்மேல்தான் தப்பு. நாயிருக்கிற இடத்துக்கு அவன் போயிருக்கக் கூடாது. நீங்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் நம்மைப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தம் பிள்ளை கடிபட்டிருக்க, கடித்த நாயின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வந்த தகப்பனார்! காரணம் யாது? அவருடைய பேரும் சம்பளமும் நமது பேனாவின் நுனியில் இருந்தன. மனிதரை நாயோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் அச்சத்தினால் உண்டான மௌனத்தைச் சமாதானமென்று எண்ணி நாம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஏமாந்தோம் என்பதை மறைக்கவும் முடியவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை.

மறுநாள் விடியுமுன்னே அவர் வீட்டுக்குச் சென்று, குற்றம் பையனுடையதன்று, நம்முடையதே என்று வெளிப்படையாகச் சொன்னோம். வைத்தியச் செலவையும், அவர் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் நாமே ஏற்றுக்கொண்டோம். பிறகு மேனேஜரிடம் போய் நம்மீது நாமே புகார் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் நாய் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய உத்தரவு. கடித்த நாயை யார் எடுத்துக்கொள்வார்கள்? கடித்ததை மறைத்து வேறிடத்துக்குத் தள்ளிவிடுவது, ஒரு பிள்ளைக்கு நேர்ந்த ஆபத்தை இன்னொரு பிள்ளைக்கு அனுப்பி வைப்பதாகும். ஊசி போட்டுக் கொல்லலாம். அல்லது நாமே வைத்துத் திருத்தலாம். வேறு வழியில்லை. திருத்துவதாயின் கடிபட்டவர்களின் சம்மதம் வேண்டும். தகப்பனார், "உங்கள் இஷ்டம் ஐயா" என்றார். அவர் மனைவியார் உள்ளேயிருந்து வந்தார். "வேலி போடுங்கள், பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். என் பிள்ளை வருகிற பாதையில் அது வரக்கூடாது. அப்புறம் அது இருந்தாலென்ன, செத்தாலென்ன!" என்றார். சுடுசொல்தான். ஆயினும் அந்த இரண்டு நாளில் நாம் கேட்ட முதல் உண்மைச் சொல் அதுவே. அவருடைய நிபந்தனைகளையே எழுத்தில் வைத்து மேனேஜரிடம் மூன்று மாதத் தவணை பெற்றோம்.

பட்டணத்திலிருந்த மிருக வைத்தியர் முதலில் நாயின் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. அதன் காதைப் பார்த்தார். உள்ளே புண்ணும் சீழும் இருந்தன. வேதனையிலிருக்கும் பிராணி சீக்கிரம் சீறும். ஆதலால் திடீரென்று குணம் மாறிய நாய்க்கு முதலில் பல்லையும் காதையும் மூட்டுக்களையும் சோதிக்க வேண்டும் என்றார். அடுத்து, சங்கிலியைக் கழற்றச் சொன்னார். கட்டுண்ட பிராணிக்கு விலகி ஓடும் வழியில்லை. ஓட வழியற்ற அச்சத்துக்குப் பல் ஒன்றே மிஞ்சும். அதன் பிறகுதான் உறுமலைப் பற்றிக் கேட்டார். பிரம்பின் கதையைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "வீட்டில் நெருப்புப் பற்றினால் மணியடிக்கும் கருவி இருக்கிறது, சத்தம் தொந்தரவென்று அதன் கம்பியை அறுத்துவிட்டீர்கள், நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது" என்றார்.

நாய்க்குப் பாஷை உண்டு. உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல், உடம்பு விறைத்தல் இவையெல்லாம் "என்னை விட்டுவிடு" என்பதன் பல வடிவங்கள். இவற்றை எவரும் கேளாதபோது உறுமல் பிறக்கிறது. உறுமலும் பலிக்காதபோது கடி. "குலைக்கிற நாய் கடிக்காது" என்பது முழு உண்மையன்று. ஆனால் குலைக்கவொட்டாமல் அடக்கப்பட்ட நாய் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் என்பதை நாம் ஐந்து தையல்களின் விலை கொடுத்து அறிந்தோம். அந்த விலையையும் நாம் கொடுக்கவில்லை. ஓர் எட்டு வயதுப் பிள்ளை கொடுத்தான்.

நாம் ஆங்கிலத்தில் கல்வி பயின்றவராதலால் அம்மொழியிலுள்ள நூல்களையும் ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்தோம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு நாய்களைக் கொண்டுவந்த சொந்தக்காரர்களிடம் விசாரித்து 2009-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 100-க்கு 43 பேருடைய நாய்கள் பதிலுக்குச் சீறின. முறைத்துப் பார்த்து அடக்க முயன்றவர்களில் 100-க்கு 30 பேருக்கு அதே கதி. நாயைத் திருத்த வேண்டுமாயின் எஜமானன் ஓநாய்க் கூட்டத்தின் தலைவனைப்போல் அதனை மிரட்டி ஆளவேண்டும் என்ற கொள்கை ஒன்று நெடுநாளாகப் பரவியிருக்கிறது. அதன் வேரையும் பார்த்தோம். 1947-ம் ஆண்டில் ருடால்ப் ஷெங்கல் என்பவர் ஸ்விட்சர்லாந்திலே, பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களின் சச்சரவுகளைப் பார்த்து எழுதியவையே அதற்குப் பெரும் ஆதாரம். டேவிட் மீச் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-ம் ஆண்டில் எழுதிய நூலில் அக்கருத்தைப் பரப்பினார். பின்னர் கனடாவின் வடகோடியில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கண்டு, காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குடும்பமே என்று 1999-ம் ஆண்டில் அவரே திருத்தி எழுதினார். தாம் பரப்பிய தவறைத் தாமே திருத்திக்கொண்ட அவருடைய அறிவு நாணயத்தை நாம் பாராட்டுகிறோம். சிறைக்குள்ளே கண்ட சண்டையை இயற்கையின் சட்டமென்று சொல்லி அதைக்கொண்டு பிரம்பெடுத்தவர்கள் எத்தனை பேர்!

இனிச் செய்யவேண்டிய முறை யாது? ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஒலிக்குப் பின் உணவு வருமென்று பழகிய நாய்க்கு அவ்வொலி கேட்ட மாத்திரத்தில் வாயூறும் என்று காட்டியவர் அவரே. 1924-ம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறு குழந்தையிடம் ஒரு முறையைக் கையாண்டார். குழந்தை விருப்பமான தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கையில் முயலை வெகு தூரத்தில் வைத்து, அது அழாத அளவுக்கு நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. நாய்க்கும் முறை இதுவே. அஞ்சத்தக்கதை அஞ்சாத தூரத்தில் காட்டு, காட்டும்போதெல்லாம் நல்லதைக் கொடு, அவசரப்படாதே.

மூங்கிலும் முள்வலையும் விட்டு, ஆளுயரக் கம்பிவலை வேலி போட்டோம். இரண்டு கதவு, இரண்டு பூட்டு. வாய்க்கூடை வாங்கினோம். அதைப் பலவந்தமாக மாட்டவில்லை; உள்ளே வேகவைத்த ஈரலைத் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்தோம். அதற்கே பன்னிரண்டு நாள் பிடித்தது. பிறகு ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தை எடுத்துக் கட்டம் போட்டோம்: தேதி, வந்தவர் யார், எத்தனை அடி தூரம், நாய் தின்றதா இல்லையா. கிராணிக்குத் தெரிந்த வித்தை அதுதானே! தின்றதா என்பதே முக்கியமான கேள்வி. அச்சம் மிகுந்தால் நாய்க்குக் கோழிக்கறியும் வேண்டாம். தின்னவில்லையென்றால் நாம் மிகக் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அந்நியராக வந்து நிற்க ஆள் வேண்டுமே! வெளிக்காட்டு வேலை செய்யும் ஒரு மூத்த அக்கா, "நான் நிற்கிறேன் தம்பி, எனக்கென்ன, நின்றால் கால் ஆறும்" என்று முன்வந்தார். நாயை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்படி கேட்டுக்கொண்டோம். முதல் நாள் 40 அடியில் நாய் தின்னவில்லை. 60 அடியில் தின்றது. எனவே 60-ல் தொடங்கினோம். தினம் ஐந்து நிமிஷம், காலையும் மாலையும். மூன்றாம் வார முடிவில் 50. ஆறாம் வாரத்தில் 35. அன்றுதான் வீரன் அக்காவைக் கண்டவுடன் அவரைவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. "ஆள் வந்தாயிற்று, எங்கே என் பங்கு?" என்பதுபோல் இருந்தது அப்பார்வை. ஆபத்து என்று தோன்றியது உணவின் அறிகுறியாக மாறத் தொடங்கிவிட்டது. ஓர் அடி கொடுத்து ஒரு கணத்தில் திருத்த முற்பட்ட நாம், ஓர் அடி தூரம் குறைவதற்கு இரண்டு நாள் காத்திருக்கக் கற்றோம்.

இதற்குள் தீபாவளி வந்தது. இரண்டு இரவு வெடிச்சத்தம். வீரன் குளியலறை மூலையில் சுருண்டு கிடந்து நடுங்கிற்று; உணவைத் தொடவில்லை. பண்டிகை முடிந்து அக்கா வந்து நின்றபோது நாய் 35 அடியில் வேலியைப் பிய்த்தது. மறுபடி 60-க்குப் போனோம். பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே என்று மனம் தளர்ந்தது. அப்போது பாவ்லோவின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 1924-ம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம் புகுந்து அவருடைய நாய்க் கூடங்களை நிரப்பிற்று. கடைசி நேரத்தில் நாய்களை மீட்டார்கள். ஆனால் அவற்றுட் சில தாம் கற்றிருந்ததை மறந்துபோயின. நீண்ட நாள் பொறுமையாகப் பழக்கிய பின்னரே மீண்டும் நினைவுகூர்ந்தன. கதவின் கீழ் சிறிது நீர் கசிந்து வந்தாலும் பழைய கலக்கம் திரும்பிற்றாம். கற்றது அழிவதில்லை, பயம் அதன்மேல் வந்து மூடிக்கொள்கிறது. பயம் வடிந்தால் கற்றது மறுபடி தெரியும். நமது செக்ரோல் புத்தகமும் அதையே காட்டிற்று: முதல் தடவை 60-லிருந்து 35-க்கு வர ஆறு வாரம், இரண்டாம் தடவை மூன்றே வாரம். கணக்கு எழுதி வைத்திராவிடில் நாம் அதிலேயே கைவிட்டிருப்போம்.

ஒரு நாயை வைத்துப் பொதுவிதி பேசுகிறீரே என்று சிலர் கேட்கலாம். உலகறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். 2007-ம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்னும் புகழ்பெற்ற பந்தாட்டக்காரருடைய இடத்தில் நாய்ச் சண்டைத் தொழில் நடந்தது வெளியாயிற்று. ஏறக்குறைய 50 நாய்கள் கைப்பற்றப்பட்டன. அதுகாறும் சண்டை நாய்களென்றால் பிடித்தவுடன் கொன்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். இரத்தத்திலேயே கொலைக் குணம் ஊறியவை என்பது நம்பிக்கை. இம்முறை நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்கச் செய்தது. சீற்றத்தைக் காரணமாக வைத்துக் கொல்லப்பட்டது ஒன்றே. 47 நாய்கள் பிழைத்தன. மிகவும் சிரமமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு சரணாலயத்துக்குச் சென்றன. அவற்றுள் பல, சீறுவதைவிட நடுங்கவே அதிகம் அறிந்திருந்தன. வருஷக்கணக்கான பயிற்சிக்குப் பின் பல நாய்கள் குடும்பங்களோடு வாழ்ந்தன. ஒரு நாய் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்கும் வேலையும் செய்தது. சில, சரணாலயத்திலேயே காலங்கழித்தன. இவையனைத்தும் ஒரே தொழிலுக்கென்று வளர்க்கப்பட்டவை. ஆயினும் முடிவு ஒவ்வொன்றுக்கும் வேறு. பிறப்பைக் கேட்டவுடன் தீர்ப்பெழுதும் வழக்கம் நமது சமூகத்துக்குப் புதிதன்று. அத்தீர்ப்பு நாய் விஷயத்திலேயே பொய்த்துப்போனதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

மூன்று மாதத் தவணை முடிந்து மேனேஜர் வந்து பார்த்து, நீட்டித்துக் கொடுத்தார். பதினோராம் மாதத்தில் ஒரு நாள் மாலை. எரிவாயுத் தோம்பு கொண்டுவந்த இளைஞர் ஒருவர் நம்மைக் கேளாமல் முதற்கதவைத் திறந்துவிட்டார். வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அடித்தொண்டையில் பிறந்து பல்லிடையே வந்த நீண்ட உறுமல். நாம் அதைக் கேட்டு ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இளைஞர் நின்றார், பின்வாங்கினார், நாம் கதவைச் சாத்தினோம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. இல்லாளைக் கூப்பிட்டு, "உறுமிற்று! உறுமிற்று!" என்று சொன்னோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் நமக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்ற சந்தேகம் தெரிந்தது. பிறகு அவரும் சிரித்தார். எந்தச் சத்தத்தைப் பிரம்பால் அடித்துக் கொன்றோமோ அதே சத்தத்தைக் கோழிக்கறி கொடுத்து உயிர்ப்பித்தோம். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை பிறந்தபிறகே அது வாய் திறந்தது.

நாம் மிகைப்படுத்தவில்லை. வீரன் எல்லாருக்கும் நண்பனாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. விடியற்காலையில் வாய்க்கூடையுடன் தோட்டப் பாதையில் நம்மோடு நடக்கும். எதிரே வருபவர் பத்தடி தூரத்தில் கடந்தால் நம் முகம் பார்க்கும். அவ்வளவே. பிள்ளைகளிருக்கும் இடத்துக்கு அதை நாம் கொண்டுபோவதில்லை. எல்லா நாயும் இவ்வளவு தூரம் வரும் என்றும் சொல்ல மாட்டோம். ஆழமாகப் பலமுறை கடித்த நாய், கைக்குழந்தை உள்ள வீடு, வேலியும் நேரமும் இல்லாத குடும்பம் இவை வேறு. சில நாய்களுக்கு வைத்தியர் மனக்கலக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுப்பார். சிலவற்றுக்கு அதுவும் போதாது. அங்கே வலியின்றி உயிரை முடிப்பதே கருணையென்று வைத்தியர் சொன்னால், அக்குடும்பத்தைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஏழு நாளில் திருத்துவோமென்று விளம்பரம் செய்து மின்சாரக் கழுத்துப்பட்டையோடு வருகிறவர்களை நம்ப வேண்டாம். அப்பட்டையை வேல்ஸ் நாடு 2010-ம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அதுவும் பிரம்புதான், கம்பியில்லாப் பிரம்பு.

வந்தபின் திருத்துவதைவிட வராமற் காப்பது எளிது. நாய்க்குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை அதன் மனம் திறந்திருக்கும் காலம். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் 1965-ம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சி நூல் இதனை நிறுவுகிறது. அக்காலத்தில் பெரியவர், குழந்தை, தொப்பி போட்டவர், மோட்டார் சைக்கிள் ஆகிய எல்லாவற்றையும் அன்போடு அறிந்த குட்டி பின்னாளில் அவற்றுக்கு அஞ்சாது. தோட்டத்திலோ அந்த வாரங்களையே நாம் சங்கிலியிலும் கல்லெறியிலும் கழிக்க வைக்கிறோம். பட்டணத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் உள்ளூர்க் கலப்பின நாய்களையும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க வழிசெய்யும் திட்டம் 2012-ம் ஆண்டில் தொடங்கிற்று, நாய்க்குக் கீழ்ப்படியும் பயிற்சி கொடுப்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நம் நாட்டிலும் 2015-ம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் கொடுமையைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் தோட்டத்துக் கொட்டகை வரை வருவதற்கு முன் நாமே சங்கிலியைக் கழற்றலாம், கருத்தடை செய்விக்கலாம், பிள்ளைகளின் கையிலிருந்து கல்லை வாங்கி வைக்கலாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவனையும் வீரனையும் நண்பர்களாக்கிப் பார்க்கும் ஆசை நமக்கு ஏற்பட்டதுண்டு. அது நமது மனச்சாட்சியின் ஆறுதலுக்கான ஆசையேயன்றி அவன் நன்மைக்கானதன்று என்று கண்டு விட்டுவிட்டோம். அவனுடைய அச்சமும் அச்சந்தானே. அதற்கும் அதன் தூரத்தைக் கொடுக்கவேண்டும். சென்ற மாதம் அவன் தகப்பனாரோடு நமது அலுவலகத்துக்கு வந்தான். தகப்பனார், மழை நாட்களின் கணக்கில் நாம் பேர் போட்டது தவறு என்று நேராக நம் முகத்தைப் பார்த்து வாதாடினார். புத்தகத்தைப் புரட்டினோம், தவறு நம்முடையதே, திருத்தினோம். திரும்பும்போது பையன் வாசலில் நின்று, "அது இன்னும் கடிக்குமா?" என்று கேட்டான்.

"கடிக்கக்கூடும். அதனால்தான் வேலியும் பூட்டும். ஆனால் இப்போது முன்னாடியே சொல்லிவிடும்" என்றோம்.

அவன் சிறிது யோசித்து, தன் முன்கையைத் தடவிக்கொண்டு, "அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்" என்றான்.